108 பணிக்குப் போக விரும்பும் வாசகிக்கு: தகவலை எங்கே தேடுவது, யாரை நம்புவது?

ராமேசுவரம் தீவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் இரண்டையும் தவிர்க்கிறேன். வயது 20. ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் இறுதியாண்டு படிக்கிறார். தந்தை நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். தாயார் கருவாடு விற்கிறவர். சென்ற ஆண்டு ஓர் இரவு இரண்டரை மணிக்கு, படகிலிருந்து முழங்கால் தண்ணீரில் இறங்கிய இவருடைய தாய்மாமாவின் காலில் திருக்கை முள் ஏறிவிட்டது. கரையில் இருந்தவர்கள் சுண்ணாம்பைத் தடவி, முழங்காலுக்குக் கீழே நைலான் கயிற்றால் இறுகக் கட்டியிருக்கிறார்கள். 108 வண்டியில் வந்த மருத்துவ உதவியாளர் ஒரு பெண். முதலில் கயிற்றை அவிழ்த்திருக்கிறார். பக்கத்து டீக்கடையில் வெந்நீர் கேட்டு வாங்கி, தன் கையை விட்டுச் சூடு பார்த்து, மாமாவின் பாதத்தை வாளிக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறார். "சர்க்கரை இருக்கா? ஏதாவது மாத்திரை ஒத்துக்காம போயிருக்கா? கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" என்று அவர் கேட்டுக்கொண்டே குறித்துக்கொண்டதை இந்த வாசகி பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து அந்தப் பணிக்குத்தான் போக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டதாக எழுதுகிறார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நகரத்தில் உள்ள ஒரு தனியார் பயிற்சி நிலையம், ஓராண்டு 'பாராமெடிக் டிப்ளமோ' படித்தால் 108-லும் வளைகுடா நாடுகளிலும் நூறு சதவீதம் வேலை என்று விளம்பரம் செய்திருக்கிறது. கட்டணம் 85,000 ரூபாய். அண்ணன் 10,000 ரூபாய் முன்பணமும் கட்டிவிட்டார். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அதில் சேரலாமா, இதைப் பற்றிய நம்பகமான தகவல்களை எங்கே தேடுவது, எல்லாமே ஆங்கிலத்தில் இருக்கிறதே என்ன செய்வது, வாட்ஸ்அப் குழுவில் வரும் பாடக் குறிப்புகளை நம்பலாமா, பி.எல்.எஸ். என்ற உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் போதுமா, 108-இல் இடம் வாங்கித் தருவதாக 50,000 ரூபாய் கேட்பவருக்குக் கொடுக்கலாமா, இரவுப் பணி என்பதால் மறுக்கும் அம்மாவிடம் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறார். நிலையத்தின் அறிவிப்பையும், குழுவில் வந்த குறிப்பின் ஒரு பக்கத்தையும் படம் எடுத்து இணைத்திருக்கிறார். அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்று: உங்கள் விலங்கியல் படிப்பை நிறுத்தாதீர்கள். 108 பணிக்கு அது உதவாத படிப்பு என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. தமிழ்நாட்டில் 108 சேவைக்கு மருத்துவ உதவியாளர்களைத் தேர்வு செய்ய வெளிவரும் அறிவிப்புகளில், பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம். ஆகிய செவிலியர் படிப்புகள், டி.எம்.எல்.டி. என்ற ஆய்வகப் படிப்பு ஆகியவற்றோடு விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற உயிர் அறிவியல் பட்டங்களும் தகுதியாகக் குறிப்பிடப்பட்டு வந்துள்ளன. அதாவது, நீங்கள் தூக்கி எறிய நினைக்கும் பட்டம்தான் உங்களை அந்த வரிசையில் நிறுத்தும்; 85,000 ரூபாய் கட்டிப் பெற நினைக்கும் சான்றிதழின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. எழுத்துத் தேர்வு, உடற்கூறியலும் முதலுதவியும் சார்ந்த நேர்காணல், பிறகு மனிதவளத் துறையின் நேர்காணல் என்று தேர்வு நடக்கும். தேர்வானவர்களுக்கு வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் என மூன்று இடங்களிலும் சுமார் 50 நாட்கள் பயிற்சியை அவர்களே தருகிறார்கள். வயது வரம்பும் தகுதியும் அறிவிப்புக்கு அறிவிப்பு சிறிது மாறக்கூடும் என்பதால், நீங்கள் விண்ணப்பிக்கும் காலத்தில் வெளிவரும் அறிவிப்பை முழுவதும் படித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எண்ணத்தையும் திருத்திக்கொள்ள வேண்டும். "அரசு வேலை கிடைத்துவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய இந்தச் சேவை அரசின் நிதியில் நடக்கிறது. ஆனால் அதை நடத்துவது அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்ட ஒரு நிறுவனம். பணியாளர்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள். எனவே இது நிரந்தர அரசுப் பணியன்று. இதைச் சொல்வது உங்கள் ஆர்வத்தைக் குறைப்பதற்காக அல்ல. தெரிந்து சேர்ந்தவர்கள் நிலைத்து நிற்கிறார்கள், தெரியாமல் சேர்ந்தவர்கள் ஆறு மாதத்தில் மனம் கசந்து விலகுகிறார்கள் என்பதை நான் கண்டிருக்கிறேன்.

ஒரு சொல், இரண்டு பொருள்

உங்களைப் போலப் பலரும் ஏமாறும் இடம் ஒரு சொல்லில் இருக்கிறது. நம் ஊரில் 'பாராமெடிக்கல்' என்றால் ஆய்வகம், எக்ஸ்ரே, டயாலிசிஸ், அறுவை அரங்கு என்று மருத்துவர், செவிலியர் அல்லாத எல்லாத் துணை மருத்துவப் படிப்புகளையும் குறிக்கும். வெளிநாடுகளில் 'பாராமெடிக்' என்றால் ஆம்புலன்ஸில் சென்று உயிர்காக்கும் உயர்நிலைப் பயிற்சி பெற்றவர் என்று பொருள். இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்பித்தான் பல விளம்பரங்கள் எழுதப்படுகின்றன. நீங்கள் அனுப்பிய அறிவிப்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே பெரிய எழுத்தில் 'பாராமெடிக்' என்று இருக்கிறது. கீழே பாடத்திட்டம் என்று கொடுத்திருப்பதில் ஊசி போடுதல், கட்டுக் கட்டுதல், மருந்துக் கடை நிர்வாகம் ஆகியவை உள்ளன. மூச்சுப்பாதையைக் காப்பது பற்றியோ, விபத்துக் காயத்தைக் கையாள்வது பற்றியோ ஒரு வரியும் இல்லை. எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்ற விவரமும் இல்லை.

துணை மருத்துவப் பணியாளர்களுக்கென நாடாளுமன்றம் 2021-இல் ஒரு தேசிய ஆணையச் சட்டத்தை இயற்றியது. ஆம்புலன்ஸ் சார்ந்த அவசர மருத்துவத் தொழில்நுட்பர் என்ற பணி அந்தச் சட்டத்தின் அட்டவணையில் பெயர் சொல்லியே இடம்பெற்றுள்ளது. அந்தச் சட்டப்படி பட்டயம் (டிப்ளமோ) என்றால் குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு முதல் நான்கு ஆண்டுகள்; பட்டம் என்றால் குறைந்தது 3,600 மணி நேரம், மூன்று முதல் ஆறு ஆண்டுகள். ஓராண்டில் 'டிப்ளமோ' தருவதாகச் சொல்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். ஆனால் ஓராண்டுப் படிப்பு எல்லாமே பொய் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பருக்கான ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு உண்டு. அது தன்னைச் சான்றிதழ் என்றுதான் சொல்லிக்கொள்கிறது.

இந்தத் துறையிலேயே ஊன்றி வளர வேண்டும் என்றால், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. பட்டம் இருக்கிறது, மூன்றாண்டுப் படிப்பு, ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. இதற்கு நீட் தேர்வு தேவையில்லை. பிளஸ் டூ அறிவியல் பாட மதிப்பெண்தான் அடிப்படை. 108-இல் சில ஆண்டுகள் பணியாற்றிய பிறகு, உங்களுக்கு உண்மையாகவே இந்த வேலை பிடித்திருக்கிறதா என்று தெரிந்துகொண்டு, அப்போது இதைப் பற்றி யோசிக்கலாம். என்னைக் கேட்டால், 20 வயதில் கையிலிருக்கும் பட்டத்தை முடிப்பதும், வேலையில் கால் வைத்துப் பார்ப்பதும்தான் உங்களுக்குச் சரியான வரிசை.

தகவலின் ஊற்று எங்கே?

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதை நீங்கள் சிறுவயது முதல் பார்த்திருப்பீர்கள். காற்று எப்படி இருக்கிறது என்று கரையில் பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னாலும், உங்கள் அப்பா கூண்டில் எந்த எண் ஏறியிருக்கிறது, மீன்வளத் துறை டோக்கன் கொடுக்கிறதா என்றுதான் பார்ப்பார். படிப்பு, வேலை பற்றிய தகவலுக்கும் அதே பழக்கம்தான் வேண்டும். அந்தத் தகவலை வெளியிடும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது, எந்தத் தேதியில் வெளியிட்டார்கள் என்ற இரண்டையும் கேளுங்கள்.

ஒரு கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா என்பதை அந்தக் கல்லூரியிடம் கேட்காதீர்கள், எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இணைவு பெற்ற கல்லூரிகளின் பட்டியல் படிப்புவாரியாக இருக்கிறது, அதில் பாருங்கள். துணை மருத்துவப் பட்டப்படிப்புகளின் சேர்க்கை அறிவிப்பும் விவரக் குறிப்பேடும் சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவின் தளத்தில் வெளிவரும். அரசு மருத்துவமனைகளில் தொழில்நுட்பப் பணியிடங்கள் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பில் வரும். மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் 'எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன் – பேசிக்' என்ற பயிற்சிக்கு சுகாதாரத் துறைத் திறன் குழு பாடத்திட்டம் வகுத்துள்ளது. அந்தப் பெயரில் யாராவது பயிற்சி தருவதாகச் சொன்னால், அந்தக் குழுவின் பதிவு பெற்ற மையமா என்று பார்த்துவிடலாம். 108 பணிக்கு ஆள் எடுக்கும் முகாம்களின் தேதி நாளிதழ்களின் மாவட்டச் செய்திகளில் வரும். ராமநாதபுரம் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் நேரில் போய்க் கேட்டாலும் வழிகாட்டுவார்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

அடுத்து, பாடம் படிப்பதற்கான தகவல். நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் குறிப்பில், இதயம் நின்றவருக்கு 15 முறை மார்பை அழுத்தி இரண்டு முறை மூச்சு கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. தேதி போடாத அந்தப் பக்கத்தின் வயதை அந்த ஓர் எண்ணே சொல்லிவிடுகிறது. பெரியவர்களுக்கு 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு என்று 2005-லேயே வழிகாட்டுதல் மாறிவிட்டது. நீங்கள் பள்ளியில் சேருவதற்கு முன்பே காலாவதியான பாடம் அது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், குறைந்தது 5 செ.மீ. ஆழம் என்பதுதான் இன்றைய முறை. அமெரிக்க இதயக் கழகம் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த வழிகாட்டுதல்களைத் திருத்தி வெளியிடுகிறது. அதே பக்கத்தில் பாம்புக்கடிக்கு இறுகக் கட்டச் சொல்லியிருக்கிறது. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சிகிச்சை வழிகாட்டுதல் இறுகக் கட்டக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அந்தக் குறிப்பை அனுப்பியவர் கெட்ட எண்ணத்தோடு அனுப்பவில்லை. அவருக்கும் யாரோ அனுப்பியதுதான். ஆனால் அதைப் படித்து நேர்காணலுக்குப் போனால் வாய்ப்பை இழப்பீர்கள். படித்து நோயாளியிடம் போனால் இழப்பு வேறொருவருடையது.

அதற்குப் பதிலாக, உலக சுகாதார நிறுவனம் செஞ்சிலுவை அமைப்போடு சேர்ந்து 2018-இல் வெளியிட்ட அடிப்படை அவசர சிகிச்சைப் பாடநூலை அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். விபத்துக் காயம், மூச்சுத்திணறல், உடலுக்கு இரத்த ஓட்டம் போதாமல் போகும் அதிர்ச்சி நிலை, நினைவு தடுமாறுதல் என்று நான்கு பெரிய வாசல்கள் வழியாக அது பாடத்தைக் கொண்டு போகிறது. உங்கள் மாமாவிடம் ஏன் எப்போது சாப்பிட்டார் என்று கேட்டார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அதற்கு விடை அதன் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. அறிகுறிகள், ஒவ்வாமை, உட்கொள்ளும் மருந்துகள், பழைய நோய்கள், கடைசியாக உண்ட உணவு, நடந்த நிகழ்வு என்ற ஆறு கேள்விகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'சாம்பிள்' என்று நினைவில் வைத்துக்கொள்வார்கள். மயக்கம் கொடுத்து அறுவை செய்ய நேர்ந்தால் வயிற்றில் உணவு இருப்பது ஆபத்து. அதனால்தான் அந்தக் கேள்வி. 108-இல் வந்த அந்தச் சகோதரி வெந்நீரில் கால் வைக்கச் சொன்னதும் பாடப்படியே. சுட்டுவிடாத அளவுக்கு, ஏறத்தாழ 45 டிகிரி சூட்டில் 30 முதல் 90 நிமிடம் வரை வைத்திருந்தால் திருக்கை முள்ளின் வலி பெரும்பாலும் தணியும். முள் துண்டை எடுப்பதும் தடுப்பூசியும் மருத்துவமனையில் நடக்க வேண்டியவை.

ஆங்கிலம் பற்றிய உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. நானும் தமிழ்வழியில் படித்து வந்தவன்தான். இத்துறையில் அன்றாடம் புழங்கும் ஆங்கிலச் சொற்கள் சில நூறுதான், அவற்றில் பாதியை விலங்கியல் உங்களுக்கு ஏற்கெனவே கற்றுக்கொடுத்துவிட்டது. ஒரு நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் அதையே உங்கள் ஊர் மீனவரிடம் எப்படிக் கேட்பீர்கள் என்ற பேச்சுத்தமிழ் வரி என்று எழுதுங்கள். 'மூச்சுத்திணறல்' என்று நோயாளி சொல்ல மாட்டார். 'மூச்சு முட்டுது' என்பார், 'நெஞ்சு அடைக்குது' என்பார். இரண்டு கரைக்கும் பாலம் கட்டத் தெரிந்தவர்தான் நல்ல உதவியாளர். கூடுதலாகப் படிக்க, அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் தளத்தில் 'ஸ்டாட்பேர்ல்ஸ்' என்ற தொகுப்பு இலவசம். ஒவ்வொரு கட்டுரையிலும் கடைசியாகத் திருத்திய தேதி இருக்கும். அச்சுப் புத்தகம் வேண்டுமென்றால் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. மதுரையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் ஒரு நாள் போய் வரலாம்.

நம் கடற்கரைக்கென்று தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. அவற்றை எந்தப் பொதுப் பாடநூலும் முன்னால் வைக்காது. இங்கே கிடைக்கும் பாம்பு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. கடல் பாம்பின் விஷத்தை முறிக்க அது செய்யப்படவில்லை. ஆழ்கடலில் ஒருவர் சாய்ந்தால் 108 அங்கே வர முடியாது. கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணைத்தான் அழைக்க வேண்டும். ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு சுமார் 55 கி.மீ.; வண்டிகளுக்கு இருப்பது ஒரே சாலைப் பாலம். மற்ற ஊர்களில் பத்து நிமிடம் பார்த்துக்கொள்ள வேண்டிய நோயாளியை இங்கே ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ள வேண்டிவரும். வழியில் சந்தேகம் வந்தால் 108 கட்டுப்பாட்டு மையத்தில் இருக்கும் மருத்துவரிடம் தொலைபேசியில் ஆலோசனை பெறும் ஏற்பாடு உண்டு.

பி.எல்.எஸ். சான்றிதழும் வளைகுடாவும்

இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி.எல்.எஸ். என்பது ஒரு நாளில் முடியும் உயிர்காப்புப் பயிற்சி. அமெரிக்க இதயக் கழகத்தின் அட்டை இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். நல்ல பயிற்சிதான், ஆனால் அது ஒரு தொழில் தகுதி ஆகாது. வளைகுடா நாடுகளில் இப்பணிக்கு அந்தந்த நாட்டுச் சுகாதார ஆணையத்தின் உரிமம் வேண்டும். அங்கீகாரம் பெற்ற படிப்பையும் பணி அனுபவத்தையும் மூலச் சான்றோடு சரிபார்ப்பார்கள். இந்த நிலையத்தின் சான்றிதழ் அந்தச் சரிபார்ப்பில் நிற்காது. பின்னாளில் போக நினைத்தால், முகவர் வெளியுறவு அமைச்சகத்தின் பதிவு பெற்றவரா என்று 'இ-மைக்ரேட்' தளத்தில் பாருங்கள்; தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் பதிவு செய்யலாம்.

கட்டிய பணமும் கேட்கும் பணமும்

முன்பணம் 10,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டு, அண்ணன் பெயரில் தேதியிட்ட கடிதம் ஒன்றை விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். ரசீதையும் விளம்பரத்தின் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். எந்த நிலையிலும் அசல் மதிப்பெண் சான்றிதழ்களை அவர்களிடம் ஒப்படைக்காதீர்கள். அசலைப் பிடித்து வைத்துக்கொண்டு மீதிக் கட்டணத்தைக் கேட்பது பல இடங்களில் நடக்கிறது. பணம் வராவிட்டால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு ஏதுமின்றி இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. 15100 என்ற எண்ணிலும் வழிகாட்டுவார்கள். நான் வழக்கறிஞன் அல்லன் என்பதால் இதற்கு மேல் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

108-இல் இடம் வாங்கித் தருவதாக 50,000 ரூபாய் கேட்பவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அந்த முகாம்களில் கலந்துகொள்ளவோ பயிற்சி பெறவோ கட்டணம் கிடையாது. உங்களிடம் தகுதி இருக்கிறது. அதை உங்களுக்கே விற்கப் பார்க்கிறார்.

அம்மாவின் அச்சம்

அம்மா சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள், அதில் உண்மை இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரப் பணி, பகலும் இரவும் மாறி மாறி வரும். தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்திலும் பணியமர்த்தலாம் என்பது நிபந்தனை. குடித்துவிட்டுத் தகராறு செய்பவர்கள், தூக்கிச் சுமப்பதால் வரும் முதுகுவலி, கெட்டுப்போகும் தூக்கம், சில நாட்களில் காப்பாற்ற முடியாமல் போன குழந்தையின் முகம், இவையெல்லாம் அந்த வேலையின் பகுதி. மறைக்காமல் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அதன் பிறகு, மாமாவுக்கு வந்த அந்தச் சகோதரியையோ உங்கள் பகுதியில் பணியாற்றும் வேறொரு பெண் உதவியாளரையோ, பணி முடிந்த நேரத்தில் அம்மாவை அழைத்துக்கொண்டு போய்ச் சந்தியுங்கள். இரவு யார் உடன் இருப்பார், எங்கே தங்குவார்கள், மாதவிடாய் நாட்களில் என்ன செய்வார்கள் என்று அம்மா தன் வாயாலேயே கேட்கட்டும். நான் எழுதும் பத்துப் பக்கத்தைவிட அந்த அரைமணி நேரப் பேச்சு அவருக்குப் பயன்படும்.

நீங்கள் இப்போதே தொடங்க வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. இரத்தம் படும் வேலை என்பதால், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. இந்த மாதம் தொடங்கினால், பட்டத் தேர்வு முடிந்து நீங்கள் முகாமுக்குப் போகும்போது மூன்றும் முடிந்திருக்கும்.